ரிப் நெறிமுறை

ரிப் (திசைவித்தல் தகவல் நெறிமுறை) என்பது பொதிகள் செல்லவேண்டிய வழிகளைத் திசைவிகளும் மூன்றாம் அடுக்குச் சுவிட்ச்களும் தமக்குள் அறிவித்துக்கொள்ள உதவும் நெறிமுறையாகும். 1988 இல் இது ஆர்எஃப்சி 1058 ஆக வெளியானது. 15 தாவல்களுக்கு மேற்பட்ட இடத்தை எட்டமுடியாததாகக் கொள்ளும்.

சுவிட்ச்சில் ஐபி திசைவித்தலை இயக்கி, ரிப்பைத் தொடங்கி, பங்கேற்கும் வலையமைப்புகளைக் குறிப்பிட்டால் போதும். 30 நொடிக்கு ஒருமுறை வழிப்பட்டியல் அண்டைக் கருவிகளுக்குச் செல்லும்.

முடக்குவதே கவனத்துக்குரியது. சிஸ்கோ சுவிட்ச்களில் "நோ ரவுட்டர் ரிப்" என்னும் கட்டளை நெறிமுறையை நிறுத்துவதோடு அதன் அமைவுகளையும் அழித்துவிடும். படி எடுத்துவைக்காதவர் அனைத்தையும் மீண்டும் எழுத நேரிடும். நிலையான வழிகளோ ஓஎஸ்பிஎஃப் போன்ற வேறொரு நெறிமுறையோ ஆயத்தமாக இல்லையெனில், அச்சுவிட்ச் பிறரிடம் அறிந்த வழிகளை இழந்துவிடும். விலகல் அறிவிப்பு கிடைக்காத அண்டைக் கருவிகளோ பழைய வழியை 180 நொடிகள் வரை நம்பி அதற்கே பொதிகளை அனுப்பும், அவை தொலைந்துபோகும்.

அண்டைக் கருவியின் சொல்லை நம்பும் இவ்வியல்பு, இணையத்தின் பெரும் வலையமைப்புகளை இணைக்கும் பிஜிபி நெறிமுறைக்கும் உண்டு. 2021 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் வோடபோன் ஐடியா வலையமைப்பு, 30,000 க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தவறுதலாகத் தன்னுடையவை என அறிவித்தது. அதனை ஏற்ற பிற வலையமைப்புகளின் போக்குவரத்து அங்கே திரும்பியது.