உங்கள் ஊரைப் பற்றி யாரிடம் கேட்டார்கள்?

திருமலைராயன்பட்டினம் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்? காளமேகப் புலவர்தானே! அதிமதுர கவியோடு மோதி வென்றும் அரசன் மதிக்கவில்லையாம். அந்தக் கோபத்தில் ஊரில் மண்மாரி பெய்யட்டும் என்று பாடிவிட்டுப் போனாராம். கதை அப்படிச் சொல்கிறது. ஊர் என்னவோ காரைக்காலுக்குத் தெற்கே, நாகூருக்குப் பக்கத்தில், இன்றும் சௌக்கியமாகத்தான் இருக்கிறது. புலவருக்கு ஊரின் மேல் கோபம் வந்தால் ஒரு பாட்டோடு போயிற்று. பேராசிரியருக்கு ஊரின் மேல் அக்கறை வந்துவிட்டாலோ, கனமாக ஒரு புத்தகமே வந்துவிடும்!

"வீட்டு வேலைக்கே பொழுது போதவில்லை. சமூகம், பொருளாதாரம், அரசியல் என்று தலையணை போன்ற புத்தகங்கள் நமக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா? அந்தப் புத்தகங்களில் இருப்பதே நம் வீட்டு விஷயந்தான், சகோதரிகளே! யார் வீட்டில் எத்தனை மரக்கால் நெல், யார் தலையில் எவ்வளவு கடன், கூலிப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் அவற்றின் சாரம்.

விடுமுறைக்குப் போன மாணவர்கள்

1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னை சர்வகலாசாலைக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அவர் ஒரு நல்ல யுக்தி செய்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் ஒரு கேள்வித் தாளைக் கொடுத்து, கிராமத்து நிலம், கால்நடை, கடன் எல்லாவற்றையும் விசாரித்து வரச் சொன்னார். 1918-ல் அது புத்தகமாயிற்று. அதில் ஓர் ஊர், பழைய தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பாலக்குறிச்சி. இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது.

அதிசயம் என்னவென்றால், அந்த ஊரை ஆராய்ச்சியாளர்கள் அதற்குப் பிறகும் விடவில்லை. பி. ஜே. தாமஸும் கே. ஸி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டர் கண்ட கிராமங்களை மறுபடியும் ஆராய்ந்து 1940-ல் புத்தகம் வெளியிட்டார்கள். 1980-களிலும், பிறகு 2019-லும் பாலக்குறிச்சிக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். பாட்டி பட்ட கஷ்டத்தையும் பேத்தி வாழும் வாழ்வையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேறு எங்கே முடியும்?

எந்தத் திண்ணையில் உட்கார்ந்தார்?

காத்லீன் கோ என்ற பெண்மணி 1951 முதல் 1953 வரை தஞ்சை ஜில்லாவில் இரண்டு கிராமங்களில் தங்கி ஆராய்ந்தார். அவற்றில் ஒன்று கீழைத் தஞ்சையைச் சேர்ந்தது. நிலமில்லாத கூலிக்காரர்களும் மிராசுதார்களும் எப்படி எதிரெதிரே நின்றார்கள் என்பதை அவருடைய எழுத்தில் காணலாம். அதே கீழைத் தஞ்சையில்தான், 1968 டிசம்பர் 25 அன்று இரவு, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட தகராறின் முடிவில், கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த நெருப்பு ஒரே நாளில் மூண்டதல்ல என்பது இத்தகைய புத்தகங்களைப் படித்தால் விளங்கும்.

ஆந்த்ரே பெத்தேய் என்ற அறிஞரையும் சொல்ல வேண்டும். காரைக்காலைப் போலவே ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில் பிறந்தவர் அவர். 1961-62-ல் தஞ்சைக் கிராமம் ஒன்றின் அக்கிரகாரத்தில் குடியிருந்து ஆராய்ந்தார். 1965-ல் வந்த அவருடைய புத்தகம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அக்கிரகாரத்தில் இருந்ததால் சேரி மக்களோடு தாராளமாகப் பழக முடியவில்லை என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். எத்தனை நேர்மை! படிக்கிற நமக்கு இது ஒரு பாடம். எழுதியவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்று முதலில் பாருங்கள்.

அடுப்படியில் கேட்ட கேள்வி

திண்ணையில் கேட்டால் ஆண்கள் பதில் சொல்வார்கள். அடுப்படியில் கேட்டால்? ஜோன் மென்ச்சர் என்ற அமெரிக்க அறிஞர் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நெல் விளையும் கிராமங்களில் அதைக் கேட்டார். நாற்று நடுகிற பெண்ணுக்குக் கூலி குறைவு. வேலை கிடைக்கும் நாட்களும் குறைவு. அப்படியிருந்தும், தன் சம்பாத்தியத்தில் ஆண் வீட்டுக்குக் கொடுக்கும் பங்கைவிட அவள் கொடுக்கும் பங்கு மிகவும் பெரியது என்று கண்டு, 1988-ல் எழுதினார். "இதைச் சொல்ல ஒரு புத்தகமா? எனக்குத் தெரியாதா?" என்பீர்கள். உங்களுக்குத் தெரியும்; சர்க்காருக்குத் தெரிய வேண்டாமா? கூலியையும் உதவித் திட்டங்களையும் தீர்மானிக்கிறவர்களின் மேஜைக்குப் புள்ளி விவரந்தான் போகிறது. நம் பெருமூச்சு போவதில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம்

மேலே சொன்ன கிராமங்களில் பல தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்தவை. திருமலைராயன்பட்டினமோ 1954 நவம்பர் 1 வரையில் பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது. ஒரே காவேரித் தண்ணீர், ஒரே நெல், ஒரே பாஷை. சட்டமும் தஸ்தாவேஜும் மட்டும் வேறு. ஸ்லேட்டரின் கேள்வித் தாள் சென்னை மாகாணத்து மாணவர்களோடு போயிற்று, எல்லையைத் தாண்டவில்லை.

அதனால் என்ன? அந்தக் கணக்கு உங்கள் பெட்டிகளில் இருக்கிறதே! மாமியார் எழுதி வைத்த வரவு செலவு நோட்டு, நகை அடகுச் சீட்டு, கடல் கடந்து போனவர் அனுப்பிய கடிதம் எல்லாம் சரித்திரந்தான். பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு ஒரு மாணவி கேள்வித் தாளோடு வந்து கதவைத் தட்டினால், "அவர் வெளியே போயிருக்கிறார், அப்புறம் வாருங்கள்" என்று அனுப்பியும் விடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்!