கட்டளைவரியும் தமிழ் விசைப்பலகையும்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் கோவில், பள்ளிவாசல் அறிவித்தல்களைத் தட்டச்சிடுவோரின் கை சுட்டியை நாடும்போதெல்லாம் வேகம் குன்றுகின்றது. கட்டளைவரி மென்பொருள்களில் இந்தச் சிரமம் இல்லை. 1976இல் பில் ஜோய் ஆக்கிய 'வி.ஐ.' என்னும் எழுது மென்பொருளில் ஆங்கில 'டி' விசையை இருமுறை தட்டினால் முழு வரியும் நீங்கும். பழைய கணினியே போதுமானது.

ஆயின், தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கையில் அதே விசை தமிழெழுத்தையே தரும், கட்டளை பலிக்காது. ஒவ்வொரு தடவையும் மொழியை மாற்றுவதென்றால் சுட்டியே மேல்!

அதன் வழிவந்த 'விம்' இதற்கு வழி வைத்துள்ளது. தமிழ் விசை வரைபடத்தை மென்பொருளுக்குள்ளேயே அமைத்துவிட்டால், எழுதும்போது தமிழும் கட்டளையிடும்போது ஆங்கிலமும் தாமாக வரும். 2008ஆம் ஆண்டின் எஸ்.எல்.எஸ். 1326 தரநிர்ணயம் ஏற்ற ரெங்கநாதன் அமைப்புக்கு அத்தகைய வரைபடத்தை ஆக்கி இலவசமாக வழங்குமாறு கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவரை நாம் கேட்டுக்கொள்கின்றோம்.