கடல் கடந்து வரும் மாசு: நம் உரிமை என்ன, வழி என்ன?

2022 டிசம்பர் 9 அன்று இலங்கையில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பிள்ளைகளை வீட்டில் நிறுத்தியது வெள்ளம் அல்ல, மோசமடைந்த காற்று. வங்கக் கடலில் நின்ற மாண்டஸ் புயலின் போக்கில் இந்தியத் தரைப்பகுதியின் மாசுக் காற்று தீவுக்கு இழுத்து வரப்பட்டதாக அதிகாரிகள் விளக்கினர். அந்தப் புகையை உண்டாக்கியவர்கள் ஒரு நாட்டில், அதைச் சுவாசித்தவர்கள் இன்னொரு நாட்டில்.

எப்படி வருகிறது?

புயல் இல்லாத ஆண்டுகளிலும் இது நடக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அந்த மாதங்களில் கங்கைச் சமவெளியில் குளிர்ந்த காற்று மேலெழாமல் தரையை ஒட்டியே கிடக்கும். நிலக்கரி மின்நிலையம், செங்கல் சூளை, டீசல் வாகனம், விறகடுப்பு, வயலில் கொளுத்தும் பயிர்க்கழிவு ஆகியவற்றின் புகை அதில் தேங்கும். கழுவிவிட மழையும் இருக்காது. எனவே நுண்துகள்கள் பல நாட்கள் மிதந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கின்றன. தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகே காற்று திசை மாறி, வானம் கழுவப்படுகிறது.

1999இல் நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு இதை உலகுக்குக் காட்டியது. அதை வழிநடத்தியவர்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும். விமானம், கப்பல், மாலத்தீவின் ஆய்வுக்கூடம் மூன்றிலிருந்தும் அளந்தபோது, வட இந்தியப் பெருங்கடலின் பெரும்பகுதியைப் பழுப்பு நிறப் புகைமூட்டம் மூடியிருந்தது. அதில் பெரும்பங்கு மனிதச் செயல்களால் வந்தது. கடலில் விழும் வெயிலை அது குறைக்கிறது. அதனால் கடல்நீர் ஆவியாவது குறைந்து, பருவமழையே பாதிக்கப்படலாம்.

ஆபத்து

2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களே மிகவும் கொடியவை. அவை நுரையீரலின் ஆழம்வரை போய், இரத்தத்திலும் கலக்கின்றன. ஆஸ்துமா, மாரடைப்பு, பக்கவாதம், எடை குறைந்த குழந்தை பிறப்பு ஆகியவற்றோடு இவற்றுக்குத் தொடர்புண்டு. ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியா அனுமதிக்கும் அளவோ 40, இலங்கையில் 25.

உரிமை

தூய காற்று யாரும் போடும் பிச்சை அல்ல. மாசற்ற நீரும் காற்றும் வாழ்வுரிமையின் பகுதி என்று இந்திய உச்சநீதிமன்றம் 1991இல் கூறியது. தூய சூழல் மனித உரிமை என்று 2022 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றது, 161 நாடுகள் ஆதரித்தன.

மாசு எல்லை தாண்டும்போதுதான் இந்த உரிமை பலமிழக்கிறது. 1998இன் மாலே பிரகடனத்தில் எல்லை கடக்கும் காற்று மாசைக் கட்டுப்படுத்த இந்தியா, இலங்கை உட்பட எட்டு நாடுகள் கைகோத்தன. ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. சுமத்ராவின் காட்டுத்தீப் புகையால் தவித்த சிங்கப்பூர் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டில் தீ மூட்டித் தன் வானத்தைக் கெடுக்கும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 1 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் விதிக்க 2014இல் சட்டம் இயற்றியது.

என்ன செய்யலாம்?

குளிர்கால மாதங்களில் உங்கள் ஊரின் காற்றுத் தரக் குறியீட்டைத் தினமும் பாருங்கள். இந்தியாவில் 'சமீர்' செயலி அதைக் காட்டும். குறியீடு 200ஐத் தாண்டினால் குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் வெளியே நெடுநேரம் இருக்க வேண்டாம். துணி முகக்கவசம் போதாது, என்95 அணியுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உங்கள் பகுதியில் ஆலையோ குப்பைமேடோ புகை கக்கினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். இலங்கையில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையை அணுகலாம். இரு நாடுகளிலும் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது; அளவீட்டு விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உள்ளது. பாதிப்புக்கான இழப்பீடு கோரி 5 ஆண்டுகளுக்குள் அங்கே மனு செய்யலாம்.

காற்றை எல்லையில் நிறுத்த முடியாது. புகையை அது கிளம்பும் இடத்தில் நிறுத்த முடியும். மாலே பிரகடனத்தைக் கட்டாய ஒப்பந்தமாக்கும்படி உங்கள் மக்கள் பிரதிநிதியிடம் கேளுங்கள். வீட்டுக் குப்பையை எரிப்பதை இன்றே நிறுத்துங்கள்.