துடுப்பைக் கீழே வைத்த துலீப் மென்டிஸ்

குச்சவெளியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவனுக்குக் கிரிக்கெட் பற்றி எழுத என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் எழுத வந்தது விளையாட்டைப் பற்றியல்ல. ஒரு வேலையைத் திறமையாகச் செய்தவர், பிறகு அதே வேலையை மற்றவர்களைக் கொண்டு செய்விக்கும் இடத்துக்கு வருவது பற்றி. வியாபாரிகளில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். நானும் சறுக்கியவன்.

துலீப் மென்டிஸை நம் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். 1952இல் மொறட்டுவையில் பிறந்தவர். 1975 உலகக் கிண்ணப் போட்டியில் அவுஸ்திரேலியாவின் ஜெப் தொம்சன் வீசிய பந்து தலையில் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தக் காலத்தில் தலைக்கவசம் கிடையாது. அடிபட்டவர் பயந்து ஒதுங்கவில்லை. 1982இல் சென்னையில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் இரண்டு இன்னிங்ஸிலும் 105, 105 என்று அடித்தார். 1984இல் லோர்ட்ஸ் மைதானத்தில் 111, அடுத்த இன்னிங்ஸில் 94. 1985 செப்டெம்பரில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்று, இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றியை வாங்கித் தந்த அணித்தலைவரும் அவரே. கல்லாவில் உட்கார்ந்த நாளெல்லாம் கல்லா நிரம்பியது என்று சொல்வோமே, அப்படியான ஆள்.

1988இல் கடைசி டெஸ்ட். அதன் பின்னர்தான் நமக்கு வேண்டிய கதை.

1995இன் கடைசியில் இலங்கை அணி அவுஸ்திரேலியா போனபோது மென்டிஸ் அணியின் முகாமையாளர். பயிற்றுவிப்பாளர் டேவ் வட்மோர். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க. இந்த அர்ஜுனவும் அரவிந்த டி சில்வாவும் 1985இல் மென்டிஸின் கீழ் ஆடிய இளைஞர்கள். இப்போது மைதானத்தில் முடிவெடுப்பது அர்ஜுன, பயிற்சி கொடுப்பது வட்மோர். முகாமையாளருக்கு மிஞ்சுவது என்ன? ஹோட்டல், பயணம், பத்திரிகைக்காரர், அதிகாரிகளோடு பேச்சு. பெயர் வராத வேலை.

ஆனால் அந்தப் பயணத்தில் அந்த வேலைதான் பெரும் பாரமானது. பேர்த்தில் பந்தைச் சேதப்படுத்தினார்கள் என்று பழி விழுந்தது. அது பிறகு வாபஸ் பெறப்பட்டது. மெல்போர்னில் முரளிதரனின் பந்துகளை நடுவர் டெரல் ஹெயார் முறையற்றவை என்று அறிவித்தார். பெடியன்கள் விளையாட்டில் மனதை வைத்திருக்க, வெளியில் வரும் வழக்கையெல்லாம் தாங்க ஒரு ஆள் வேண்டும். கடையில் சுங்கக்காரரும் வங்கிக்காரரும் வரும்போது முதலாளி எழுந்து முன்னால் போவதில்லையா, அதுபோல.

அதே மென்டிஸ் முகாமையாளராக இருக்க, 1996 மார்ச் 17 அன்று லாகூரில் அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று உலகக் கிண்ணம் வந்தது. அரவிந்த ஆட்டமிழக்காமல் 107. மென்டிஸ் ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை.

இனி என் கதை. நிறுவையில் கை வைத்தால் ஒரு கிலோ சீனி ஒரே அள்ளலில் சரியாக விழும். அந்தக் கெட்டித்தனம்தான் எனக்குக் குழியாகியது. வேலைக்கு நின்ற பெடியன்களை நிறுக்க விடமாட்டேன், கடன் கொப்பியைத் தொட விடமாட்டேன், திருகோணமலை மொத்தக்கடைக்காரரோடு பேச விடமாட்டேன். ஒருமுறை காய்ச்சலில் இரண்டு கிழமை படுத்தேன். எழுந்து வந்து பார்த்தால் மாவு மூடையில் வண்டு, அரிசி முடிந்து போயிருக்கிறது, மீன்பிடிக்காரருக்குக் கொடுத்த கடனில் பாதி எழுதப்படவேயில்லை. பெடியன்களைத் திட்டினேன். வாப்பா இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார்.

மென்டிஸ் பிறகு இலங்கை கிரிக்கெட்டின் பிரதம நிறைவேற்று அதிகாரியாக இருந்தார். அதற்கும் பின் ஓமான் போய் அந்நாட்டு அணிக்குப் பயிற்றுவிப்பாளரானார். நம் பகுதியிலிருந்து மஸ்கட் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஓமான் கிரிக்கெட்டை வளர்த்தவர் ஒரு வியாபாரி, கனக்சி கிம்ஜி. குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து மஸ்கட் போய்க் கடை போட்ட குடும்பம். சுல்தான் காபூஸ் அவருக்கு ஷேக் பட்டமே கொடுத்தார். 2021இல் காலமானார். மென்டிஸுக்குக் கிடைத்த அணியில் பெரும்பாலோர் பாகிஸ்தான், இந்தியாவிலிருந்து பிழைக்க வந்து, பகலில் கம்பெனி வேலை பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர்கள். லாகூரில் கிண்ணத்தோடு நின்ற மனிதர், இவர்களுக்கு அடிப்படையிலிருந்து சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தார். 2016 மார்ச் 9இல் தர்மசாலாவில், இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தின் தங்கள் முதல் போட்டியிலேயே, அயர்லாந்தின் 154 ஓட்டங்களை இரண்டு பந்து மீதமிருக்க எட்டிப் பிடித்தது ஓமான். ஆமிர் அலி என்பவர் 17 பந்துகளில் 32 அடித்தார். 2021இல் அதே உலகக் கிண்ணத்தின் ஆரம்பச் சுற்றுப் போட்டிகள் சில மஸ்கட்டிலேயே நடந்தன.

காய்ச்சலுக்குப் பின் கடன் கொப்பியை மூத்த மகனிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்த முதல் மாதம் எனக்கு நித்திரை வரவில்லை, அது வேறு விஷயம். இப்போது காலையில் கடைக்கு வெளியே வாங்கில் உட்காருகிறேன். வருகிறவர்கள் பழக்கத்தில் "காக்கா, பருப்பு என்ன விலை?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். விலை நாக்கு நுனியில் நிற்கும். "மகன்ட கேளுங்க" என்கிறேன்.