கீழடியின் காலமும் ஆய்வாளரின் கடமையும்

சிவகங்கை மாவட்டம் கீழடியில் முதல் இரண்டு கட்ட அகழாய்வுகளை இந்தியத் தொல்லியல் துறைக்காக நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா, 2017-ஆம் ஆண்டில் அசாமுக்கு மாற்றப்பட்டார். பின்னர் 2023 ஜனவரியில் அவர் அளித்த 982 பக்க அறிக்கை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அச்சேறாமல் கிடந்து, காலவரையறை உள்ளிட்டவற்றைத் திருத்தித் தருமாறு 2025 மே மாதம் அவருக்கே திருப்பி அனுப்பப்பட்டது. சான்றுகளின்படியே எழுதியிருப்பதாகக் கூறி அவர் திருத்த மறுக்க, அடுத்த மாதமே மற்றோர் இடமாற்ற ஆணை வந்தது.

மிகப் பழைய குடியிருப்பின் காலத்தைக் கி.மு. எட்டாம் நூற்றாண்டிலிருந்து அவர் தொடங்கியதும், அதை ஏற்கும் அளவுக்குச் சான்றில்லை என்று துறை கருதியதுமே இந்தச் சர்ச்சையின் மையம். இறந்த உயிர்ப்பொருளில் உள்ள கரிமம்-14 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைவதால், எஞ்சியிருக்கும் அளவைக் கொண்டு காலம் கணிக்கப்படுகிறது. கரித்துண்டு எந்த மண்ணடுக்கில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதைக் குழியிலேயே அளந்து குறிக்காவிட்டால், ஆய்வகம் தரும் எண்ணால் பயனில்லை. மாநிலத் தொல்லியல் துறை பின்னர் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிமாதிரி கி.மு. 580-ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது. அதற்கும் முந்தைய காலத்துக்கு மேலும் சான்று கேட்பது அறிவியலின் இயல்பான நடைமுறையே. ஆனால் அந்தக் கேள்வி அறிக்கை வந்த சில மாதங்களுக்குள், பிற அறிஞர்களும் படிக்கும்படி எழுப்பப்பட்டிருக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் நடக்கும் திருத்தத்தை ஆய்வு என்று ஏற்க இயலாது.

வெளிப்படையாகக் கணக்குக் காட்டும் கடமை தமிழகத்துக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஊராட்சிக் குழுவான வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மீண்டும் குடவோலைத் தேர்வுக்கு உரியவரல்லர் என்று விதிக்கிறது. பொதுப்பணியில் கணக்கு ஊரார் முன் வைக்கப்பட வேண்டும் என்ற அந்த விதி, பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுக்கும் முழுமையாகப் பொருந்தும்.

இக்கடமை ஒரு தரப்புக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தில் இரும்பின் பயன்பாடு கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குச் செல்கிறது என்பதை 2025 ஜனவரியில் முதலமைச்சரே மேடையில் அறிவித்தார். பெருமிதம் மிகும் இத்தகைய தருணத்தில், கணிப்பின் பிழை வரம்பையும் மாதிரிகளின் எண்ணிக்கையையும் உரக்கச் சொல்வது ஆய்வாளருக்கு மேலும் கடினமாகிறது. அவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். கீழடி அறிக்கையைப் பொறுத்தவரை, மூல வாசகத்தையும் துறையின் மறுப்பையும் ஆய்வாளரின் பதிலையும் ஒரே நூலாக அச்சிடுவதே உடனடியாகச் செய்யத்தக்கது.