குருதி: ஓட்டமும் உறைவும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து மேற்கே செல்வோர், வேலணைத் தீவின் வயல்வெளிகளுக்கும் பனங்கூடல்களுக்கும் நடுவே நாரந்தனை என்னும் ஊரை அடைவர். மாரி மழையை நம்பி நெல் விளைவிக்கும் ஊர் அது. தை பிறந்தால் அரிவு வெட்டுத் தொடங்கிவிடும். அவ்வேளையில் ஒருவருடைய விரலை அரிவாள் வெட்டிவிடுகிறது எனக் கொள்க. குருதி பெருகுகிறது. அவர் சீலைத் துண்டொன்றை வைத்து அழுத்திப் பிடிக்கிறார். சில நிமிடங்களிற் குருதி நின்றுவிடுகிறது. அவர் மீண்டும் வேலையில் இறங்குகிறார்.

அதே வயலில், வைக்கோலின் கீழே சுருண்டு கிடந்த கண்ணாடி விரியன் வேறொருவருடைய காலிலே தீண்டிவிடுகிறது எனக் கொள்க. ஊசி குத்தியது போன்ற இரண்டு சிறு புள்ளிகளே அங்கு காணப்படும். ஆனால், அப்புள்ளிகளிலிருந்து கசியும் குருதி நிற்க மறுக்கிறது. சிறிது நேரஞ் செல்லப் பல் முரசிலிருந்தும் குருதி வரக்கூடும். பெரிய வெட்டிலே நின்ற குருதி சிறிய புள்ளியிலே நில்லாமற் போவது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், குருதி என்பது யாது, அது எவ்வாறு ஓடுகிறது, எவ்வாறு உறைகிறது என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும்.

வளர்ந்த ஒருவருடைய உடலில் ஏறக்குறைய 5 இலீற்றர் குருதி உண்டு. பார்வைக்கு அது செந்நிறமான ஒரே திரவமாகத் தோன்றும். உறையாதபடி மருந்து சேர்த்து, ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டுவைத்தால், அது இரு பகுதிகளாகப் பிரிவதைக் காணலாம். மேலே நிற்பது வைக்கோல் நிறமான தெளிந்த நீர். குருதியிற் பாதிக்குச் சற்று அதிகமான பங்கு இதுவே. இதன் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். எஞ்சியது உப்பும், சீனியும், பலவகைப் புரதங்களும் ஆகும். தீவில் வாழ்வோருக்கு உவர்நீரின் இயல்பை எடுத்துக் கூற வேண்டியதில்லை. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு இருக்க, குருதி நீரிலோ ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே உண்டு. தாகத்துக்குக் கடல்நீரைப் பருகியவன் மேலுந் தாகமுறுவதற்குக் காரணம் இதுவே.

குழாயின் அடியிலே படிவன குருதிக் கலங்கள். அவற்றுள் மிகப் பெருந்தொகையானவை செங்குருதிக் கலங்கள். ஒரு கன மில்லிமீற்றர் குருதியில், அதாவது குண்டூசித் தலையளவான ஒரு சிறு துளியில், ஏறக்குறைய 50 இலட்சம் செங்கலங்கள் உள்ளன. ஈமோகுளோபின் என்னும் இரும்பு கலந்த பொருளே அவற்றுக்குச் செந்நிறத்தை அளிக்கிறது. நுரையீரலில் ஒட்சிசனை ஏற்றி உடலெங்கும் இறக்குவதும் அதுவே. ஒரு செங்கலத்தின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். இறப்பனவற்றுக்கு ஈடாக எலும்பு மச்சையிலே புதியவை ஓயாது பிறந்த வண்ணம் இருக்கின்றன. வெண்குருதிக் கலங்கள் தொகையிற் குறைந்தவை. நோய்க் கிருமிகளை எதிர்த்துப் போராடுவது அவற்றின் கடமை. மூன்றாவது வகையின, குருதிச் சிறுதட்டுக்கள். பார்வைக்கு அற்பமான இவையே, வெட்டுண்ட விரலில் முதன்முதல் ஓடிவந்து அடைப்பை உண்டாக்குபவை.

இக்குருதி ஓரிடத்தில் தேங்கி நிற்பதன்று. மார்பினுள்ளே, கைமுட்டி அளவாக அமைந்த இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 தடவை துடிக்கிறது. ஓய்ந்திருக்கும் ஒருவருடைய உடலிலும் அது நிமிடத்துக்கு 5 இலீற்றர் அளவில் குருதியைச் செலுத்துகிறது. உடலிலுள்ள குருதி முழுவதும் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது என்பது இதன் கருத்து. இதயத்தின் வலப்பக்கம் குருதியை நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே ஒட்சிசனைப் பெற்ற குருதி இடப்பக்கத்தை அடைந்து, நாடிகளின் வழியே உடலெங்கும் பரவும். நாடிகள் கிளைத்துக் கிளைத்து, மயிரினும் நுண்ணிய குழாய்களாகும். செங்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிற் செல்லுமளவுக்கு அவை ஒடுங்கியவை. உணவும் ஒட்சிசனும் அவற்றின் மெல்லிய சுவரூடாகவே உடலுக்குள் இறங்குகின்றன. பின்னர் அக்குழாய்கள் ஒன்றுகூடி நாளங்களாகி, குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றன.

கால் விரலிலிருந்து மார்புவரை குருதி மேல்நோக்கி ஏறுவது எப்படி? நாளங்களின் உள்ளே ஒருவழிக் கதவுகள் அமைந்துள்ளன. நடக்கும்போதும் அசையும்போதும் தசைகள் நாளங்களை நெரிக்கின்றன; குருதி மேலே தள்ளப்படுகிறது; கதவுகள் மூடிக்கொள்வதால் அது கீழே திரும்புவதில்லை. ஆகவே, காலின் அசைவு இதயத்துக்கு ஒரு துணையாகும். இவ்வுண்மை பாம்புக்கடியின்போது எத்துணை முக்கியமாகிறது என்பது பின்னர் விளங்கும்.

குருதி வட்டமாகச் சுற்றுகிறது என்பதை மனிதர் நெடுங்காலம் அறிந்திருக்கவில்லை. கிரேக்க வைத்தியரான கேலன், ஈரலிலே உணவிலிருந்து உண்டாகும் குருதி உடலுறுப்புக்களிற் செலவாகிவிடுகிறது என்று கருதினார். ஆயிரத்து நானூறு ஆண்டுகள்வரை மேனாட்டார் அதனையே நம்பி வந்தனர். இங்கிலாந்து தேசத்து வைத்தியரான வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலிலே இக்கொள்கையை மறுத்தார். அவருடைய நியாயம் எளிய ஒரு கணக்கு. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் குருதியைத் துடிப்புக்களின் தொகையாற் பெருக்கினால், அரைமணித்தியாலத்தில் வெளிவரும் அளவே உடலிலுள்ள குருதி முழுவதையும் மிஞ்சிவிடும். அத்துணைக் குருதியை எந்த உணவும் உண்டாக்க முடியாது. எனவே, அதே குருதியே திரும்பத் திரும்ப வருதல் வேண்டும். ஆயினும், நாடியிலிருந்து நாளத்துக்குச் செல்லும் வழியை ஹார்வி கண்டாரில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகளின் பின், 1661இல், இத்தாலியரான மல்பீகி தவளையின் நுரையீரலை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்ந்து நுண்குழாய்களைக் கண்டார். வட்டம் நிறைவெய்தியது.

இவ்வறிவு தமிழிற் புகுந்த வாயில்களுள் ஒன்று யாழ்ப்பாணமே. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே வைத்தியக் கல்வி புகட்டினார். பின்னர், 1864 முதல், அதனைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பையும் உடற்றொழிலையும் கூறும் மேனாட்டு நூல்கள் அவருடைய முயற்சியாலே தமிழாயின. அவற்றுள் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் வெளிவந்தன. தீவுகளிலும் குடாநாட்டிலும் பிறந்த பிள்ளை தன் தாய்மொழியிலேயே இதயத்தின் கதவுகளைப் பற்றிக் கற்கலாம் என்பதை அவர் செய்துகாட்டினார்.

இனி, உறைதலுக்கு வருவோர் ஒரு விந்தையைக் காண்பர். குழாயினுள்ளே ஓடும் குருதி உறைதல் ஆகாது. உறைந்தால் இதயத்துக்கோ மூளைக்கோ செல்லும் வழி அடைபட்டு உயிருக்கு ஆபத்து நேரும். குழாய் உடைந்த இடத்திலோ அது உடனே உறைதல் வேண்டும். உறையாவிடின் உடல் குருதியை இழந்து சோரும். இவ்விரண்டையும் குருதியே செய்துகொள்கிறது. குழாய் வெட்டுண்டவுடன் சிறுதட்டுக்கள் அங்கே ஒட்டிக்கொண்டு முதல் அடைப்பை இடுகின்றன. அதன்பின், குருதி நீரிலே கரைந்திருக்கும் பைபிரினோசன் என்னும் புரதம், பைபிரின் என்னும் நூல்களாக மாறுகிறது. மீன் வலையிற் சிக்குவது போலச் செங்கலங்கள் அந்நூல்வலையிற் சிக்குகின்றன. உறைந்த கட்டி உண்டாகிறது. இம்மாற்றத்தைத் தூண்டும் பொருள்கள் பல, ஒன்றையொன்று எழுப்பிவிடும் காவலாளரைப் போல, வரிசையாகத் தொழிற்படுகின்றன.

கண்ணாடி விரியனின் நஞ்சு செய்யும் வஞ்சனை இவ்வரிசையிலேதான் நிகழ்கிறது. அந்நஞ்சு குருதியை உறையவிடாமல் தடுக்கிறது என்றே பலரும் எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது. நஞ்சு அக்காவலாளரை வேண்டாத இடத்தில், வேண்டாத வேளையில் எழுப்பிவிடுகிறது. ஓடும் குருதி முழுவதிலும் பைபிரினோசன் வீணே மாற்றமடைந்து அழிகிறது. சில மணித்தியாலங்களில் அது தீர்ந்துபோகவே, உண்மையாக உறைய வேண்டிய புண்ணிலே உறைவதற்குப் பொருள் இல்லை. தண்ணீரை ஊரெல்லாம் இறைத்துவிட்டு, தீப்பிடித்த வீட்டின் முன்னே வெறுங்குடத்துடன் நிற்பவன் நிலை அது. சுருட்டை விரியனின் நஞ்சும் ஏறக்குறைய இவ்வாறே தொழிற்படும்.

இந்நஞ்சின் உறைவிக்கும் ஆற்றலை வைத்தியம் பயன்படுத்தியும் இருக்கிறது. 1934இல் இலண்டனில் மக்பார்லேன், பார்னெற் என்னும் இருவர், குருதி நில்லாத பரம்பரை நோயுடையோரின் காயங்களில் இந்நஞ்சை மிகவும் நீர்க்கச் செய்து இட்டுக் குருதியை நிறுத்தலாம் எனக் காட்டினர். குருதி உறைதலைச் சோதிக்கும் ஆய்வுகூடங்களில் இன்றும் இதற்கு இடமுண்டு.

பாம்பு தீண்டியவர் வைத்தியசாலையை அடைந்ததும் செய்யப்படும் முதற் சோதனைகளுள் ஒன்று மிக எளியது. சிறிதளவு குருதி சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுக்கப்பட்டு, 20 நிமிடம் அசையாது வைக்கப்படுகிறது. பின் குழாயைச் சரித்தால், நலமுள்ள குருதி கட்டியாக நிற்கும். நஞ்சு பரவிய குருதியோ தண்ணீர்போல வழிந்தோடும். அவ்வாறு ஓடினால் நச்செதிர் மருந்து ஏற்றப்படும். இலங்கையில் வழங்கும் இம்மருந்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது. குதிரைகளுக்கு நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றி, அவற்றின் குருதியிலே தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்யப்படுவது. அது நஞ்சைக் கட்டியபின், ஈரல் புதிய பைபிரினோசனை ஆக்கித்தருகிறது. ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்தில் உறையும் ஆற்றல் திரும்பத் தொடங்கும்.

ஆகவே, பாம்பு தீண்டியவர் செய்ய வேண்டியவை யாவை என்பது குருதியின் இயல்பிலிருந்தே பெறப்படும். தசையின் அசைவு நிணநீரையும் குருதியையும் மேலே தள்ளுமாதலால், அவர் ஓடலாகாது, நடத்தலும் ஆகாது. தீண்டிய காலை மட்டை வைத்து அசையாதபடி கட்டி, தூக்கியோ வாகனத்திலோ கொண்டுசெல்லல் வேண்டும். வீக்கம் எழுமுன் மோதிரம், காப்பு, கொலுசு முதலியவற்றைக் கழற்றிவிடல் நன்று. கடிவாயைக் கீறுதல் பெருந்தீங்கு. உறைய மறுக்கும் குருதிக்குப் புதியதொரு வாயிலைத் திறத்தலே அது. கயிற்றால் இறுகக் கட்டுவதாலும் பயனில்லை; வீங்கிய கால் குருதியோட்டமின்றிப் பழுதுறக்கூடும். வாயால் உறிஞ்சுதலும் வேண்டாம். பாம்பைத் தேடிப் பிடிப்பதிலே நேரத்தைப் போக்கவும் வேண்டாம். குழாயிலுள்ள குருதியே சான்று பகரும். வலி குறைந்திருக்கிறது என்று வீட்டிலே காத்திருப்போர், பைபிரினோசன் தீர்ந்துபோகும் நேரத்தையே எண்ணிக்கொண்டிருக்கின்றனர். ஊர்காவற்றுறையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வைத்தியசாலைக்குத் தாமதமின்றிச் செல்வதே உயிர் காக்கும் வழி.

அரிவாள் வெட்டிய விரலிலே குருதி நின்றதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. சீலையை அழுத்திப் பிடித்த அச்சில நிமிடங்களில், கண்ணுக்குத் தெரியாத சிறுதட்டுக்களும் நூல்வலைகளும் ஆற்றிய தொண்டு எத்தகையது என்பதை, அவை இல்லாது போகும் வேளையிலேதான் மனிதன் உணர்கிறான். முன்கூட்டியே உணர்ந்திருப்பவன், தீண்டிய அக்கணத்திலே தடுமாற மாட்டான்.