கடற்பயணத்திலும் காலம் தவறாத உணவு

கும்பகோணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அகவை 71. இருபது ஆண்டுகளாக நீரிழிவுடன் வாழ்பவர். காலையிலும் இரவிலும், உணவுக்கு அரைமணி நேரம் முன்பாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வது அவரது நியமம். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற திருகோணமலைக்குச் சென்று கோணேசப் பெருமானைக் கண்ணாரக் காணவேண்டும் என்பது அவரது நெடுநாள் விருப்பம். அதனை நிறைவேற்றக் கருதிய மகன், சென்னையிலிருந்து இலங்கை செல்லும் கப்பலில் பெற்றோர் இருவருக்கும் இடம் பதிவு செய்து அனுப்பிவைத்தார்.

புறப்பட்ட நாளன்று துறைமுகத்தில் பாஸ்போர்ட் சோதனை, உடைமைச் சோதனை என்று வரிசைகளிலேயே நண்பகல் கழிந்தது. மதிய உணவு அரைவயிற்றோடு முடிந்தது. மாலையில் பயணிகளுக்கான பாதுகாப்புப் பயிற்சி. அதன்பின் கப்பலின் மேல்தளத்தில் நெடுநேரம் உலா. இரவு ஏழு மணிக்கு, வீட்டு வழக்கப்படியே ஊசி போட்டுக்கொண்டார். ஏழரை மணிக்கு இலை முன் அமர்வது அவரது பல்லாண்டுப் பழக்கம். ஆனால் கப்பலின் உணவுக்கூடத்தில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது எட்டரை மணிப் பந்தி. பயணச்சீட்டில் அந்த நேரம் அச்சிடப்பட்டிருந்தும் எவரும் அதைக் கவனிக்கவில்லை. காத்திருக்கும் நேரம் வீணாக வேண்டாமே என்று அவர் அறையில் அமர்ந்து கோணமலைப் பதிகத்தை ஓதத் தொடங்கினார்.

எட்டு மணி அளவில் நாக்குக் குழறியது. சிறு வயதிலிருந்தே மனப்பாடமான பதிகத்தில் சொற்கள் இடம் மாறின. நெற்றியில் வியர்வை அரும்பியது, கைகள் நடுங்கின. “என்னங்க, உடம்புக்கு என்ன செய்கிறது?” என்று மனைவி கேட்டபோது பொருந்தாத விடை வந்தது. அந்த அம்மையார் கலங்கி நிற்கவில்லை. அறையில் தேநீருக்காக வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலங்களைப் பிரித்து நீரில் கலந்து பருகக் கொடுத்தார். தொலைபேசியில் உதவியும் கேட்டார். கால் மணி நேரத்தில் பேச்சுத் தெளிந்தது. கப்பலின் மருத்துவர் வந்து பார்த்தபோது ஆபத்து விலகியிருந்தது.

செய்தி அறிந்து வந்த உணவுக்கூட மேற்பார்வையாளர், தூத்துக்குடிப் பக்கத்து இளைஞர். “முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதற்பந்தியிலேயே இடம் போட்டிருப்போமே, அம்மா” என்றார். மறுநாள் முதல் அவர்களுக்கு முதற்பந்தியிலேயே இடம் கிடைத்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் முதியோர் பலருக்கும் தயக்கம்.

உடலுக்கும் கால பூஜை உண்டு

ஆலயங்களில் உஷத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தஜாமம் என ஆறு கால பூஜைகள் நடைபெறுவதை அன்பர்கள் அறிவர். ஒவ்வொரு காலத்துக்கும் உரிய நைவேத்தியம் உண்டு. மடைப்பள்ளியில் அடுப்பு மூட்டுவதும் அந்த நேரத்தைக் கணக்கிட்டே. நீரிழிவு உள்ளவரின் உடலும் இத்தகைய காலக்கணக்கை வேண்டுகிறது. இன்சுலினும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் உணவு வந்ததா என்று பார்த்துச் செயல்படுவதில்லை. குறித்த நேரத்தில் அவை இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைக்கத் தொடங்கிவிடும். அவ்வேளையில் வயிற்றில் உணவு இல்லையென்றால் சர்க்கரை அளவு அபாய எல்லைக்குக் கீழே இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இவ்வச்சம் மிகக் குறைவு. ஆகவே தாம் உட்கொள்ளும் மருந்து எவ்வகையைச் சேர்ந்தது என்பதை மருத்துவரிடம் கேட்டறிவது முதற்கடமை.

கப்பலின் நேரமும் வீட்டின் நேரமும்

2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குச் சுற்றுலாக் கப்பல் சேவை தொடங்கப்பெற்றது. அம்பாந்தோட்டையிலிருந்து தரைவழியே கதிர்காமம் செல்லலாம். காங்கேசன்துறைக்கு அருகிலேயே கீரிமலையும் மாவிட்டபுரமும் உள்ளன. நல்லூரும் தொலைவில் இல்லை. விமான நிலையங்களில் அலைவதைக் காட்டிலும் இது எளிது என்று கருதும் மூத்த அன்பர்கள் கப்பலை நாடுவது இயல்பே.

சுற்றுலாக் கப்பல்களில் இரவு உணவுக்குப் பொதுவாக இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, மாலை ஆறு மணியை ஒட்டிய முதற்பந்தி, எட்டு அல்லது எட்டரை மணியை ஒட்டிய இரண்டாம் பந்தி என வகுத்துப் பயணிகளைப் பிரித்து அமர்த்துவது. மற்றொன்று, குறித்த நேர இடைவெளிக்குள் விரும்பியபோது வந்து உண்பது. இவையன்றி, தாமே எடுத்துண்ணும் பஃபே கூடமும் நாளின் பெரும்பகுதி திறந்திருக்கும். ஊசி போட்டுக்கொள்ளும் பயணிக்கு முதற்பந்தியே ஏற்றது. அது கிடைக்காவிடில், பஃபே கூடம் திறக்கும் நேரத்தை அறிந்து அங்கேயே வீட்டு நேரப்படி உண்ணலாம்.

இலங்கை செல்வோருக்கு ஒரு வசதி உண்டு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகார நேரம் ஒன்றே. சிங்கப்பூர்ப் பக்கம் கப்பலேறுவோர் இரண்டரை மணி நேர வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளவேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் போடும் நீண்டநேர இன்சுலினை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதைப் புறப்படுமுன் மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

பதிவு செய்யும்போதே சொல்லவேண்டியவை

பயண முகவரிடமோ கப்பல் நிறுவனத்திடமோ இடம் பதிவு செய்யும்போதே, பயணி நீரிழிவு உள்ளவர் என்பதையும், ஊசி போடும் நேரத்தையும், உணவு வேண்டிய நேரத்தையும் எழுத்து மூலமாகத் தெரிவிக்கவேண்டும். வெங்காயம், பூண்டு தவிர்ப்போர் அதையும் அதே கடிதத்தில் குறிப்பிடலாம். மருந்து வைக்க அறையில் குளிர்ப்பெட்டி வேண்டும் என்பதையும், பயன்படுத்திய ஊசிகளைப் போடத் தனிக் கலன் வேண்டும் என்பதையும் கேட்டுப் பெறுவது நன்று. கப்பலில் ஏறியவுடன் உணவுக்கூட மேற்பார்வையாளரை நேரில் கண்டு ஒருமுறை நினைவூட்டவேண்டும். கடிதம் அலுவலகத்தில் தங்கிவிடலாம். நேரில் சொன்ன சொல் பரிமாறுபவரைச் சென்றடையும்.

கப்பற்பயணத்தில் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகலாம். எனவே இன்சுலின், மாத்திரைகள், குளுக்கோமீட்டர், மருத்துவரின் கடிதம், கொறிக்கச் சிறிது உணவு ஆகியவை கைப்பையிலேயே இருக்கவேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டும், உறைந்துபோனால் பயன்படாது. ஆதலால் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியை ஒட்டி வைக்கலாகாது.

ஊரிலிருந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ணுவோர் உண்டு. பெரும்பாலான கப்பல்கள் வீட்டில் சமைத்த உணவைக் கொண்டுவர இசைவதில்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத பிஸ்கட், பொரி, கடலைப் பொட்டலங்களுக்குப் பொதுவாகத் தடை இராது.

இலை முன்னே வரட்டும், ஊசி பின்னே வரட்டும்

பூஜை முடித்து உண்பது என்ற நல்வழக்கம் உள்ள இல்லங்களில் ஒரு நுட்பமான ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஊசியைப் போட்டுக்கொண்டு, உணவுக்கு முன் சிறிது நேரம் என்று ஜபத்துக்கோ பாராயணத்துக்கோ அமர்கிறார்கள். வழிபாட்டில் மனம் தோயும்போது நேரம் நீள்வது தெரிவதில்லை. வீட்டிலாவது சமையலறையிலிருந்து குரல் வரும். கப்பல் அறையில் அழைப்பார் இல்லை. வழிபாட்டை முழுவதும் முடித்துவிட்டு, உணவுக்கூடம் திறந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, அதன்பின் ஊசி போடுவதே பாதுகாப்பு. அரைமணி நேரம் முன்பே போடவேண்டிய ஊசி என்றால், உணவு நேரம் ஐயமின்றித் தெரிந்திருக்கவேண்டும். உண்ணத் தொடங்கும்போதே போடத்தக்க விரைவு இன்சுலினும் உண்டு. அது பயணத்துக்குப் பொருந்துமா என்று மருத்துவரைக் கேட்கலாம், தாமாக மாற்றலாகாது.

ஏகாதசி விரதம் காப்போர் பயண நாட்களைத் தேர்ந்தெடுக்கும்போதே பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஊசி போட்டுக்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் பட்டினி இருப்பது வீட்டிலேயே தகாது. மருத்துவமனை எளிதில் எட்டாத கடலில் சற்றும் தகாது.

கடல் கொந்தளித்தால் சிலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரும். உண்டது வெளியேறிவிட்டால் மருந்து மட்டும் உள்ளே நின்று வேலை செய்யும். அந்நிலையில் எவ்வளவு மருந்து, எப்போது என்பதை மருத்துவரிடம் முன்னரே எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். அடிக்கடி சர்க்கரையைச் சோதித்துப் பார்ப்பதும், உடனே கப்பலின் மருத்துவரை அணுகுவதும் கட்டாயம்.

சர்க்கரை குறைந்துவிட்டால்

வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, பேச்சுக் குழறல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். குளுக்கோமீட்டரில் 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் உடனே 15 கிராம் சர்க்கரைச் சத்து கொடுக்கவேண்டும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கலந்த நீர் அல்லது அரை டம்ளர் பழச்சாறு போதும். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, அளவு ஏறாவிடில் மீண்டும் ஒருமுறை தரவேண்டும். தேறியபின் சிறிது உணவு உண்ணவேண்டும். லட்டு, சாக்லேட் போன்றவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். செயற்கை இனிப்பூட்டிகள் பயன்தரா. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் புகட்டலாகாது. மருத்துவரை அழைப்பதே வழி. இவை துணைவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். தாழ்ந்த சர்க்கரையில் நோயாளிக்குத் தம் நிலையே புலப்படாமல் போவதுண்டு.

கரையிறங்கும் நாளில்

துறைமுகத்தில் இறங்கி ஆலயம் செல்லும் நாளில்தான் உணவு நேரம் பெரிதும் குலைகிறது. கப்பலிலிருந்து இறங்க வரிசை, பேருந்துப் பயணம், சந்நிதியில் காத்திருப்பு, திரும்பவும் வரிசை. காலை உணவை முழுமையாக உண்டபின்னரே இறங்கவேண்டும். சமைத்த உணவையும் பழங்களையும் கரைக்குக் கொண்டுசெல்லப் பல நாடுகளில் தடை இருப்பதால், பிரிக்காத பிஸ்கட் பொட்டலமும் சிறிது சர்க்கரையும் கையில் இருக்கட்டும். வெயிலில் சுடும் கருங்கல்லில் வெறுங்காலுடன் நடக்கவேண்டியிருந்தால், கால் மரத்துப்போனவர்கள் காலையிலேயே தரிசனத்தை முடித்துக்கொள்வது நலம்.

கும்பகோணத்துத் தலைமையாசிரியருக்கு இங்கேதான் ஒரு சோதனை வந்தது. தரிசனம் முடியும்வரை பச்சைத் தண்ணீரும் பருகாதவர் அவர். திருகோணமலையை அடைந்த அன்று அதிகாலையில் நீராடி, திருநீறணிந்து, உண்ணாமலேயே புறப்பட ஆயத்தமானார். “வெறும் வயிற்றோடு வந்து என் சந்நிதியில் மயங்கி விழு என்று சுவாமி கேட்டாரா?” என்றார் மனைவி. அவர் நெடுநேரம் மறுமொழி கூறவில்லை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணிக்கு உணவுக்கூடம் திறக்கும் என்று மேற்பார்வையாளர் முதல்நாளே உறுதி கூறியிருந்தார். ஆறரைக்கு ஊசி போட்டுக்கொண்டு, ஏழு மணிக்கு இட்லியும் சாம்பாரும் உண்டார்.

கடல் மூன்று புறமும் சூழ்ந்த பாறை மேல் கோணேசர் ஆலயம். படியேறுமுன் அம்மையார் கைப்பையைத் திறந்து இரண்டு பிஸ்கட்டுகளை நீட்டினார். மறுபேச்சின்றி வாங்கித் தின்று, கை வாய் கழுவிக்கொண்டு உள்ளே சென்றார். சந்நிதியில் நின்று, முன்னிரவில் பாதியில் நின்றுபோன அந்தப் பதிகத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை ஒரு சொல்லும் பிறழவில்லை.